புனைவியல் இயக்கமும் அதன் வரலாற்றுச் சூழலும்

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பிய இலக்கியத்தில் எழுந்த ரொமாண்டிக் இயக்கத்தைத் தமிழில் புனைவியல் என்றும், கற்பனாவாதம் என்றும், மனோரதியம் என்றும் பலவாறாக வழங்கி வருகின்றோம். பெயர் ஒன்றாக நிலைபெறாமைக்கு மொழிபெயர்த்தோரைக் குறை கூறுதல் பொருந்தாது. மூலச் சொல்லே நிலையின்றி அலைவது. இலத்தீன் வழிவந்த பேச்சுமொழிகளில் எழுந்த வீரக் கதைகளைக் குறித்த சொல்லினின்று அது பிறந்தது. பின்னர் அக்கதைகளில் வரும் நம்புதற்கரிய நிகழ்ச்சிகளைக் குறித்தது. பாழடைந்த கோட்டை, காடு, மலை முதலிய காட்சிகளுக்கு அடையாயிற்று. இறுதியில் ஓர் இலக்கிய இயக்கத்தின் பெயராக நின்றது. 1923-ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் ஆர்தர் லவ்ஜாய், இச்சொல் அளவிறந்த பொருள்களைச் சுமந்தமையால் தனித்து எதனையும் குறிக்கும் ஆற்றலை இழந்துவிட்டதென்றும், அதனைப் பன்மையில் வழங்குவதே தகுமென்றும் உரைத்தார். 1949-இல் ரெனே வெல்லக் அதனை மறுத்தார். கவிதை பற்றிய கொள்கையில் கற்பனை, உலகம் பற்றிய நோக்கில் இயற்கை, நடையில் குறியீடும் தொன்மமும் ஆகியவை ஐரோப்பா முழுதும் ஒருங்கு காணப்படுதலின் இயக்கம் ஒன்றே என்பது அவர் துணிபு.

இவ்விரு பேரறிஞர் வழக்கில் நாம் புகப்போவதில்லை. இங்கிலாந்தில் 1798-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு சிறு நூலை எடுத்துக்கொண்டு, அதனைச் சூழ்ந்திருந்த வரலாறு அதற்குள் எவ்வாறு புகுந்தது, எவ்வாறு மறைந்தது என்பதனை மட்டும் ஆராய முற்படுகின்றோம்.

இவ்வாராய்ச்சி தமிழ் மாணவர்க்கு எற்றுக்கு எனின், கூறுதும். சங்கப் பாடல்களில் இயற்கை பயின்று வருதல் கண்டு அவற்றைப் புனைவியல் பாடல்கள் என்று எழுதும் வழக்கம் நம்மிடையே உண்டு. இது பாராட்டுரையாக எழுதப்படினும் இரு திறத்து இலக்கியத்துக்கும் கேடு செய்வதே என்பது நம் கருத்து. அகப்பாடலில் இயற்கை, முதற்பொருளும் கருப்பொருளுமாய் மரபால் வரையறுக்கப்பெற்று உரிப்பொருளுக்குத் துணை நிற்பது. அங்குப் பேசுவார் இயற்பெயர் சுட்டப்பெறாத மாந்தர். புலவன் தன்னைப் பற்றிப் பேசுவதில்லை. வேர்ட்ஸ்வொர்த்தின் பாடலிலோ ஆற்றங்கரையில் நிற்பவன் புலவனே. நின்ற இடமும் நாளும் தலைப்பிலேயே குறிக்கப்படுகின்றன. ‘யான்’ என்று ஒரு தனி மனிதன் இயற்கையின் முன் நின்று தன் கடந்த காலத்தைக் கணக்கிட நேர்ந்தமைக்கு உரிய காரணங்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் உள்ளன. அவற்றை நீக்கிவிட்டால் எஞ்சுவது மரமும் ஆறும் மட்டுமே. அவை எந்நாட்டுப் பாடலிலும் உள.

‘லிரிகல் பாலட்ஸ்’ என்னும் அந்நூல் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. அதன்கண் இருபத்து மூன்று பாடல்கள் இருந்தன. அவற்றுள் பத்தொன்பது வேர்ட்ஸ்வொர்த்தும் நான்கு கோல்ரிட்ஜும் இயற்றியன. கோல்ரிட்ஜின் முதுமாலுமி பாடல் முதலிலும், டின்டர்ன் மடத்துக்குச் சில கல் தொலைவில் எழுந்ததாகத் தலைப்பில் கூறும் வேர்ட்ஸ்வொர்த்தின் பாடல் இறுதியிலும் நின்றன. நூலின் முகப்பில் ஒரு சிறு அறிவிப்பு இருந்தது. இவற்றுள் பெரும்பாலன சோதனை முயற்சிகள் என்றும், நடுத்தர, கீழ்த்தர மக்களின் உரையாடல் மொழி கவிதை இன்பத்துக்கு எத்துணை ஏற்கும் என அறிவதே நோக்கம் என்றும் அஃது உரைத்தது. இரண்டாம் பதிப்பு 1800 எனப் பொறித்து இரு தொகுதிகளாக வந்தபோதுதான் புகழ்பெற்ற முன்னுரை சேர்க்கப்பட்டது. 1802-இல் அது மேலும் விரிந்தது.

அம்முன்னுரையைக் கவிதை என்பது உணர்ச்சியின் பெருக்கு என்னும் ஒரு தொடருக்காக மட்டும் நம் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர். அதனினும் கருதத்தக்க பகுதி ஒன்று அதில் உண்டு. முற்காலத்தில் இல்லாத பல காரணங்கள் ஒருங்கு கூடி மக்களின் மனத்தைப் பகுத்துணரும் ஆற்றலை மழுக்கி வருகின்றன என்று வேர்ட்ஸ்வொர்த் அங்கு எழுதுகின்றார். நாள்தோறும் நிகழும் நாட்டு நிகழ்ச்சிகள், நகரங்களில் மக்கள் பெருகித் திரளுதல், ஒரே வகைத் தொழிலால் உண்டாகும் சலிப்பு, அச்சலிப்பு வேண்டும் பரபரப்பான செய்தி, அதனை மணிதோறும் கொண்டு சேர்க்கும் விரைந்த போக்குவரத்து என அவர் காரணங்களை அடுக்குகின்றார். எனவே, புனைவியலுக்கு வரலாற்றுக் காரணம் தேடுதல் பிற்கால ஆய்வாளர் வலிந்து ஏற்றிய கொள்கையன்று. இயக்கத்தின் முதல் முன்னுரையிலேயே உள்ளது. 1801-இல் எடுக்கப்பெற்ற முதற் குடிக்கணக்கின்படி இலண்டன் நகரில் ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் மக்கள் வாழ்ந்தனர் என்பதனை இங்கு நினைவிற்கொள்க.

அந்த நாட்டு நிகழ்ச்சிகள் யாவை? வேர்ட்ஸ்வொர்த் 1770-இலும் கோல்ரிட்ஜ் 1772-இலும் பிறந்தோர். பாஸ்டில் சிறை 1789 ஜூலை 14-ஆம் நாள் வீழ்ந்தபோது முன்னவருக்கு அகவை பத்தொன்பது. அடுத்த ஆண்டு ஜூலை 13-ஆம் நாள், புரட்சியின் முதலாண்டு விழாவுக்கு முந்திய நாளில், அவர் கல்லூரித் தோழர் ஒருவருடன் கலே துறையில் இறங்கிப் பிரான்சு நாட்டை நடந்தே கடந்தார். 1791-இன் இறுதியில் மீண்டும் சென்று ஓர் ஆண்டு தங்கினார். புளுவா நகரில் மிஷேல் போப்பி என்னும் படைத்தலைவரின் நட்புக் கிட்டியது. வறியோர் துயரை நீக்குவதே புரட்சியின் பொருள் என அவரிடம் கற்றார். ஆனெட் வாலோன் என்னும் பெண்ணொடு காதலுற்றார். 1792 டிசம்பரில் கரோலின் என்னும் மகள் பிறந்தாள். அம்மாதமே அவர் தாய்நாடு திரும்ப நேர்ந்தது. 1793 ஜனவரியில் பிரான்சு மன்னன் கொல்லப்பட்டான். பிப்ரவரியில் இரு நாடுகளுக்கும் போர் மூண்டது. தாம் நேசித்த பெண்ணும் குழந்தையும் பகைநாட்டில் இருக்க, அந்நாட்டின்மேல் தம் நாடு படையெடுப்பதைக் காணும் நிலை இருபத்திரண்டு வயது இளைஞருக்கு ஏற்பட்டது. ஆங்கிலப் படை வெல்ல வேண்டுமென்று அவரால் வேண்ட இயலவில்லை. அவ்வாண்டே லாண்டாஃப் ஆயருக்கு மறுப்பாக எழுதிய குடியரசுக் கொள்கைக் கடிதத்தை அவர் வெளியிடவில்லை. அஃது அச்சேறியது அவர் மறைவுக்குப் பின் 1876-இலேயாகும்.

அச்சம் வீணன்று. 1794-இல் ஆட்கொணர்வு உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. சீர்திருத்தம் கோரிய ஹார்டி, ஹார்ன் டூக், தெல்வால் ஆகியோர் அரச துரோகக் குற்றம் சாட்டப்பெற்று விடுதலை எய்தினர். 1795-இன் இறுதியில் பொதுக்கூட்டங்களையும் எழுத்தையும் ஒடுக்கும் இரு சட்டங்கள் வந்தன. பிரான்சிலோ 1793, 1794 ஆகிய ஆண்டுகளில் கொலைக்கருவி ஓயாது இயங்கிற்று. கோல்ரிட்ஜும் சதேயும் அமெரிக்காவில் சஸ்குவெஹானா ஆற்றங்கரையில் பொதுவுடைமைக் குடியிருப்பு ஒன்று அமைக்கத் திட்டமிட்டு, ஓராண்டுக்குள் அதனைக் கைவிட்டனர். நம்பிக்கை இரு கரையிலும் உடைந்தது என்க.

1797-இல் இரு புலவரும் சாமர்செட் மாவட்டத்தில் அண்டை அயலாராக வாழ்ந்தனர். பிப்ரவரியில் பிரெஞ்சுப் படையொன்று வேல்சு நாட்டின் கரையில் இறங்கிச் சரணடைந்திருந்தது. கடற்கரை எங்கும் ஐயம் நிலவிய காலம். இரவில் நடப்பதும், குறிப்பேட்டுடன் ஆற்றின் போக்கை ஆராய்வதுமாக இருந்த இவர்களைப் பிரெஞ்சு ஒற்றர் என ஊரார் ஐயுற்றனர். தெல்வால் அங்கு விருந்தினராக வந்து சென்றது ஐயத்தை மிகுவித்தது. அரசு, வால்ஷ் என்னும் ஒற்றரை அனுப்பியது. மெய்யியலறிஞர் ஸ்பினோசாவைப் பற்றி இவர்கள் பேசக் கேட்ட ஒற்றன், அப்பெயரை ‘ஸ்பை நோசி’ என்று தன்னையே குறித்ததாகக் கொண்டு திடுக்கிட்டான் எனக் கோல்ரிட்ஜ் பின்னாளில் நகைச்சுவையோடு எழுதினார். அக்கதை எத்துணை உண்மையோ, ஒற்றன் வந்தது உண்மை. வேர்ட்ஸ்வொர்த்துக்கு அவ்வீட்டின் குடிக்கூலி உரிமை மறு ஆண்டுக்கு நீட்டிக்கப்படவில்லை. ‘இயற்கையில் ஒதுங்கியவர்’ என நாம் பாடம் நடத்தும் புலவர், இயற்கையில் உலவிய குற்றத்துக்காகவே அரசின் கண்காணிப்பில் இருந்தார்.

சோதனை முயற்சி என்று அவர் கூறிய பாடல்கள் யாரைப் பற்றியன? போரில் கணவனையும் மக்களையும் இழந்து அலையும் பெண்; வேரைத் தோண்டவும் வலுவின்றி நிற்கும் முதிய வேட்டைப் பணியாள்; சாலையில் ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்து அழுது வரும் உழைப்பாளி. இறுதியாகக் குறித்த பாடலை ஊன்றி நோக்குதல் வேண்டும். அவன் ஐம்பது ஆடு வரை பெருக்கியவன். பஞ்ச காலத்தில் மக்களைக் காக்க ஊர் உதவி கேட்டபோது, ஆடு உடையவன் செல்வன், அவனுக்கு உதவி இல்லை என்று மறுத்தனர். ஒவ்வோர் ஆடாக விற்றுத் தின்று இப்போது எஞ்சியது அந்த ஒன்றே. இதில் கற்பனை மிகுதி எங்கே? 1795-ஆம் ஆண்டின் விளைவுக் குறைவும், ரொட்டி விலையை அளவாகக் கொண்டு ஏழைக்கு உதவித் தொகை கணக்கிட்ட ஸ்பீனம்லாண்ட் முறையும் அறிந்தார்க்கு இப்பாடல் அக்காலத்து ஊர்ப் பதிவேட்டின் ஓர் ஏடு போலத் தோன்றும்.

இதற்குப் பின்னால் நில வளைப்பு என்னும் நெடுங்கதை உள்ளது. ஊர்ப் பொது நிலத்தை வேலியிட்டுத் தனியுடைமையாக்க, 1604-க்கும் 1914-க்கும் இடையே ஐயாயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட மசோதாக்கள் ஆங்கில நாடாளுமன்றத்தில் நிறைவேறின. ஏறத்தாழ அறுபத்தெட்டு இலட்சம் ஏக்கர் நிலம் அவற்றுள் அடங்கியது. அவற்றுள் மிகப் பல பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பாதியிலும் வந்தவை. மேய்ச்சல் நிலமும் விறகுக் காடும் இழந்தவன் கூலியாளாகவோ, பஞ்சாலைத் தொழிலாளியாகவோ, பிச்சைக்காரனாகவோ ஆனான். வேர்ட்ஸ்வொர்த் இதனை நன்கறிவார். 1801 ஜனவரி 14-ஆம் நாள் எதிர்க்கட்சித் தலைவர் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்கு இரண்டாம் பதிப்பை அனுப்பி, ‘மைக்கேல்’, ‘சகோதரர்’ என்னும் இரு பாடல்களைச் சுட்டி ஒரு கடிதம் எழுதினார். சிறு நிலத்தைப் பரம்பரையாக உழுதுண்ணும் குடியானவர் விரைந்து மறைகின்றனர். அந்நிலத்தோடு குடும்பப் பாசமும் அழிகின்றது என்பது அதன் சாரம். அரசியல் தலைவரிடம் கவிதையைச் சான்றாக வைத்து வழக்காடிய கடிதம் அது. ஃபாக்ஸோ, எளிய பொருள்களுக்கு எதுகையில்லாச் செய்யுள் தமக்கு அத்துணை உவப்பன்று என யாப்பைப் பற்றி விடை விடுத்தார்! நிலம் இழந்தவனைப் பற்றி எழுதினால் சீரைப் பற்றி விடை வருவது எக்காலத்தும் நிகழ்வதே போலும்.

நாட்டு நிகழ்ச்சிகள் பொருளைத் தந்தன. வடிவத்தைத் தந்தது வேறொரு வரலாறு. 1765-இல் தாமஸ் பெர்சி வெளியிட்ட பழங் கதைப்பாடல் தொகுதி அதன் ஊற்று. நண்பர் ஒருவர் வீட்டில் பணிப்பெண்கள் அடுப்பு மூட்டுதற்குக் கிழித்துக்கொண்டிருந்த கையெழுத்துச் சுவடியைப் பெர்சி மீட்டார் என்பர். ஏடுகள் அடுப்பிலும் ஆற்றிலும் சென்ற கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் அவர் நம் பதிப்பாசிரியர்களுள் சிறந்தோர் போலன்றிச் சிதைந்த இடங்களைத் தாமே பாடி நிரப்பினார். அதற்காக ரிட்சன் என்பவரிடம் கடுமையான கண்டனம் பெற்றார். அதற்கு முன்பே மக்பெர்சன், ஆசியன் என்னும் தொன்முதிர் கேலிக் புலவனுடையவை என்று கூறித் தாமே பெரிதும் புனைந்த பாடல்களை வெளியிட்டு ஐரோப்பாவை மயக்கியிருந்தார். இவ்விரு நூலும் செருமனி சென்றன. ஹெர்டர் 1778-79-இல் பல நாட்டு மக்கட் பாடல்களைத் தொகுத்தார். பியூர்கர் ஆங்கிலக் கதைப்பாடல் முறையில் ‘லெனோர்’ பாடினார். அது 1796-இல் ஆங்கிலமாகித் திரும்பி வந்தது. இவ்வாறு ஒரு நாட்டின் பழம்பாட்டு, கடல் கடந்து புதுப்பாட்டாய் மீண்டது.

கிழக்கு நாடுகளின் பங்கும் இதில் உண்டு. வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவுக்கு நீதிபதியாக வருதற்குப் பல்லாண்டு முன்பே, 1772-இல், ஆசிய மொழிப் பாடல்களைத் தழுவிய நூலொன்று வெளியிட்டார். கவிதை என்பது போலச் செய்தல் அன்று, உணர்ச்சியின் வெளிப்பாடே என அதன் இறுதிக் கட்டுரையில் வாதிட்டார். அரிஸ்டாட்டில் கொள்கையினின்று புனைவியல் கொள்கைக்கு மாறும் திருப்பத்தில் அக்கட்டுரை நிற்பதனை எம். எச். ஏப்ரம்ஸ் 1953-இல் எடுத்துக் காட்டினார். 1789-இல் ஜோன்ஸ் மொழிபெயர்த்த சாகுந்தலம், 1791-இல் ஃபார்ஸ்டரால் செருமானியமாகிக் கதேயைக் கவர்ந்ததும் பலரும் அறிந்தது.

இனி, டின்டர்ன் பாடலுக்கு வருவோம். வரலாறு பற்றிய வழக்கு முற்றியது இங்கேதான். 1983-இல் ஜெரோம் மக்கனும், 1986-இல் மார்ஜரி லெவின்சனும், இப்பாடல் தன் காலத்தைக் கண்மூடி மறைத்தது என்று குற்றம் சாட்டினர். அவர்கள் காட்டும் சான்று எளிதில் தள்ளத்தக்கதன்று. அவ்வாற்றின் வழியே சென்ற கில்பின் 1782-இல் வெளியிட்ட பயண நூலில், மடத்தின் இடிபாடுகளில் வறியோர் ஒண்டி வாழ்ந்து இரந்ததனையும், அரைக் கல் தொலைவில் பெரிய இரும்பு உலைகள் இருந்ததனையும் குறித்துள்ளார். பாடலிலோ மடமும் இல்லை, உலையும் இல்லை. மரங்களிடையே எழும் புகை, காட்டில் வீடின்றி அலைவோர் மூட்டியதாகலாம் என ஓர் ஊகம் மட்டும் உண்டு. தலைப்பிலுள்ள நாள் 1798 ஜூலை 13. புலவர் முதன்முதல் பிரான்சில் கால் வைத்த அதே நாள், புரட்சி விழாவின் முன்னாள். நாளைக் குறித்தவர் புரட்சியைக் குறிக்கவில்லை.

குற்றச்சாட்டின் சான்றுகளை ஏற்கின்றோம்; முடிபை ஏற்க இயலவில்லை. பாடலின் தொடக்கத்தில் ஐந்து ஆண்டுகள் கழிந்தன எனப் புலவர் மீள மீளக் கூறுகின்றார். 1798-இல் ஐந்தைக் கழிப்பின் 1793. அது போர் மூண்ட ஆண்டு. ஆனெட்டையும் குழந்தையையும் காண வழியின்றி அவர் தனித்துத் திரிந்த ஆண்டு. பிரான்சின்மேல் செல்லத் திரண்ட கப்பற்படையைத் தென்கரையில் கண்டு கலங்கிய கோடை. அப்போது தாம் இங்கு வந்தது விரும்பியதை நாடுபவன் போலன்று, அஞ்சியதினின்று ஓடுபவன் போல என்று பாடலிலேயே ஒப்புக்கொள்கின்றார். அஞ்சியது யாது என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாமை அறியாமையன்று. நாள் குறித்தும் ஆண்டு எண்ணியும் பெயர் சொல்லாது விடுவது, காயத்தின்மேல் கை வைத்து மறைப்பது போன்றது. இடம் அதனாலேயே தெரிகின்றது. ஈ. பி. தாம்சன் 1969-இல் எழுதிய கட்டுரையொன்றில், நம்பிக்கை முறிந்து வருந்தும் நிலைக்கும், கொள்கையைக் கைவிட்டுப் பகையணி சேரும் நிலைக்கும் வேறுபாடு கண்டார். முன்னதில் கவிதை பிறக்கும், பின்னதில் பிறவாது என்பது அவர் கருத்து. 1798-இன் வேர்ட்ஸ்வொர்த் முன்னதில் நின்றவர் என நாம் துணிகின்றோம்.

பின்னதற்கும் அவர் சென்றார் என்பதனை மறைக்க வேண்டுவதில்லை. 1813-இல் முத்திரைத்தாள் விற்பனை அலுவலராகவும் 1843-இல் அரசவைக் கவிஞராகவும் ஆனார். ஷெல்லி 1816-லேயே அவரை நொந்து பாடினார். 1819-இல் மான்செஸ்டரில் கூடிய மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்தபோது சினந்து பாடியவரும் ஷெல்லியே. அப்பாடல் 1832 வரை அச்சேறவில்லை. எட்டயபுரத்தில் பாரதியார் தம்மை ஷெல்லிதாசன் என்று அழைத்துக்கொண்டமைக்கு இவ்வேறுபாடும் காரணமாகலாம். வேர்ட்ஸ்வொர்த்தின் தாசன் என்று கூறிக்கொள்ள விடுதலை வேட்கையர் எவர்க்கும் தோன்றாது.

ஆயினும் மாறியவர் தம் பழைய எழுத்தை விட்டுவைக்கவில்லை. பாட வேறுபாட்டு ஆராய்ச்சி வரலாற்று ஆராய்ச்சியாக மாறும் இடம் இதுவே. அவர் தம் வாழ்க்கை பற்றிப் பாடிய ‘பிரிலூட்’ 1805-இல் முற்றுப்பெற்றும் 1850-இல் அவர் இறந்த பின்னரே வெளிவந்தது. 1805-ஆம் ஆண்டின் பாடத்தை டி செலின்கோர்ட் 1926-இல்தான் அச்சிட்டார். முற்பாடத்தில் ஆனெட்டின் கதையே வேறு பெயரில் வாட்ரகூர், ஜூலியா என்போரின் காதலாக இடம்பெற்றிருந்தது. பிற்பாடத்தில் அது பெரும்பாலும் நீக்கப்பட்டது. புரட்சியை எதிர்த்த பர்க்குக்கு ஒரு புகழ்ச்சி புதிதாகச் சேர்ந்தது. ஆனெட் பற்றிய உண்மையே ஹார்ப்பர், லெகுயி ஆகிய அறிஞரின் முயற்சியால் 1916-க்கும் 1922-க்கும் இடையில் உலகுக்குத் தெரிய வந்தது. முக்கால் நூற்றாண்டுக் காலம் திறனாய்வாளர் இத்துயரை அறியாமலே வேர்ட்ஸ்வொர்த்தின் அமைதியைப் போற்றி எழுதினர்.

1798-ஆம் ஆண்டுத் தொகுதியிலேயே ஒரு சிறிய சான்று உண்டு. சாலையில் நடந்து செல்லும் முதியவர் ஒருவரைப் பற்றிய இருபது அடிப் பாடல் அது. வேலியோரத்துப் பறவைகளும் அஞ்சாத வண்ணம் அமைதியே உருவாக அவர் செல்கின்றார். வருத்தத்தோடன்றி எண்ணத்தோடு நடக்கின்றார் எனப் புலவர் வியக்கின்றார். எங்குச் செல்கின்றீர் என வினவ, முதியவர் தம் வாயாலேயே விடை கூறுகின்றார்: கடற்போரில் காயமுற்று ஃபால்மத் மருத்துவமனையில் இறந்துகொண்டிருக்கும் மகனை இறுதியாகக் காணச் செல்கின்றாராம். புலவரின் வியப்பு அவ்விடையால் கலைந்துபோகின்றது. 1800-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விடை முதியவர் கூற்றாக இன்றிப் புலவர் கூற்றாக மாற்றப்பட்டது. 1815-ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்வடிகள் முழுவதும் நீக்கப்பட்டு, அமைதியோடு நடக்கும் முதியவர் மட்டும் எஞ்சினார். பிற்காலத் திரட்டுகளை மட்டும் வைத்துப் பாடம் கேட்கும் மாணவர் இதனை இயற்கையோடு இயைந்த முதுமையின் ஓவியம் என்றே எழுதுவர். அவர் கையிலுள்ள பாடத்துக்கு அவ்வுரை பொருந்தவும் செய்யும். புனைவியலைக் கற்பிப்போர் மூன்று பாடங்களையும் அடுத்தடுத்து வைத்துக் கற்பித்தல் வேண்டும்.